ஜெசிந்தினிக்காகப் பதின்மூன்று செவ்வாய்

ஜெசிந்தினி அம்மாவிடம் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வினை அதில்தான் இருந்தது.

“அம்மா, வயித்துல ஒரு ஆப்பரேசன். ஒரு பகுதிய வெட்டி எடுக்கணும். கொழும்புல நல்ல டாக்டரு. பயப்பட ஒண்ணுமில்ல.”

ஆகஸ்ட் லீவு தொடங்கிய அன்று பதுளையிலிருந்து போனில் இப்படிச் சொன்னாள். எதற்காக வெட்டுகிறார்கள் என்று சொல்லவில்லை. மடுல்சீமைக்கு மேலே, பஸ் நிற்கும் இடத்திலிருந்து இன்னும் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டிய தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்ற இருதயம்மாவும் எதற்காக என்று கேட்கவில்லை. போனை மற்றக் காதுக்கு மாற்றினாள். பிறகு, “சரி புள்ள. அந்தோனியார் இருக்காரு” என்றாள். அவ்வளவுதான்.

உண்மையைச் சொன்னால், ஜெசிந்தினியின் வயிற்றுக்கு ஒரு கேடும் இல்லை. அது நன்றாகவே வேலை செய்தது. கொஞ்சம் அதிகமாகவே செய்தது. முப்பத்தெட்டு வயதில் நூற்றுப் பதினெட்டுக் கிலோ. பதுளையில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மூன்று வருடமாகச் சீனி வருத்தம், அதன் பின்னாலேயே பிரஷர், மேல்மாடி வகுப்புக்கு ஏறினால் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க வேண்டும். ஆட்டோக்காரன் ஒருநாள், “டீச்சர், நடுவுல ஒக்காருங்க, வண்டி ஒரு பக்கம் சாயுது” என்று நல்ல மனதோடுதான் சொன்னான். அவள் நடுவில் நகர்ந்து உட்கார்ந்து, வீடு வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

குரக்கன் ரொட்டி தின்று பார்த்தாள். கொள்ளுக் கஞ்சி குடித்தாள். விடியற்காலையில் மைதானத்தைச் சுற்றினாள். ஆறு கிலோ போகும், எட்டுக் கிலோ வரும். கடைசியில் கிளினிக் டாக்டர் இரைப்பையைச் சிறிதாக்குகிற சத்திரசிகிச்சையைப் பற்றிச் சொன்னார். மருந்துக்கடையில் வேலை செய்யும் அவள் கணவன் ஜோன்சன் நாலு பேரிடம் விசாரித்துவிட்டு, செய்துவிடலாம் என்றான். ஊரில் மட்டும் யாருக்கும் சொல்லக்கூடாது என்றாள் ஜெசிந்தினி. ஜோன்சன் ஏன் என்று கேட்டான்.

எப்படிச் சொல்வது? இருதயம்மா நாற்பது கிலோ தேறாதவள். ஐம்பத்தொன்பது வயதில் இன்னும் கொழுந்துக் கூடையோடு மலைக்குப் போகிறவள். கணவனைச் சீக்கிரமே பறிகொடுத்து, ஒற்றை ஆளாக மகளைப் படிக்கவைத்து டீச்சராக்கியவள். அந்த லயத்தில் ஜெசிந்தினியின் சதை ஒரு கௌரவம். அவள் போகும்போதெல்லாம் பெண்கள் அவள் கையைப் பிடித்துப் பார்த்து, “நல்லா சதை போட்டிருக்க புள்ள, டீச்சர் உத்தியோகம் ஒத்துக்கிச்சு” என்பார்கள். இருதயம்மாவின் முகம் மலரும். அந்த அம்மாவிடம் போய், நான் தின்றது அளவுக்கு மிஞ்சிவிட்டது, அதனால் காசு கொடுத்து வயிற்றை வெட்டிக்கொள்ளப் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தைத்தான் அரை உண்மையால் மூடிவைத்தாள்.

வெட்டுவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே வெறும் நீராகாரம். ஈரல் சுருங்கினால்தான் கருவி போக உள்ளே இடம் கிடைக்குமாம். சூப், மோர், புரதமாவு கரைத்த பால். மூன்றாம் நாள், மகள் டிலானி கடித்துவிட்டு வைத்த பேக்கரிப் பாண் துண்டைப் பார்த்து ஜெசிந்தினிக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு துண்டு பாணுக்கு அழுகிறேனே என்று தன்மேலேயே அருவருப்பாகவும் வந்தது.

ஆப்பரேசன் தியேட்டரைப் பற்றி அவளுக்கு நினைவிருப்பது குளிர் மட்டும்தான். விழித்தபோது வயிற்றில் ஐந்து இடத்தில் சின்னச் சின்னப் பிளாஸ்டர். வயிறு வலிக்கும் என்று பயந்திருந்தாள், வலித்தது தோள்பட்டை. இதயம்தான் நின்றுவிடப் போகிறது என்று மணியை விடாமல் அழுத்தினாள். நர்ஸ் வந்து சிரித்தாள். வயிற்றை உப்ப வைக்க உள்ளே விட்ட காற்று தோள்வரை வலியைக் கொண்டுபோகுமாம், எழுந்து நடந்தால் கலையுமாம். அன்று பின்னேரமே சேலைன் கம்பியைத் தள்ளிக்கொண்டு வார்டின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடக்க வைத்தார்கள். காலில் இரத்தம் கட்டாமல் இருக்கவும் அதுதான் வழி என்றார்கள்.

மறுநாள் உணவு ஆலோசனை சொல்லும் ஷம்ரா என்ற பெண், மருந்துப் போத்தல் மூடி அளவில் ஒரு கப்போடு வந்தாள்.

“டீச்சர், இதுல பாதி தண்ணி. ஒரே மடக்குல இல்ல, உறிஞ்சி உறிஞ்சி. பதினஞ்சு நிமிசம் கழிச்சு மிச்சம்.”

“இவ்வளவுதானா?”

“நாலுல மூணு பங்கு வயிறு போயிட்டுது. இப்ப இருக்கிறது ஒரு வாழைப்பழம் அளவு. ரெண்டு கிழமைக்குத் தண்ணியா குடிக்கணும், பிறகு மசிச்சது, பிறகுதான் மென்மையான சாப்பாடு. சாப்பிடும்போது தண்ணி குடிக்கக்கூடாது. விட்டமின் வாழ்நாள் முழுக்க. மூணாம் மாசம் போல முடி கொட்டும், பயந்துடாதீங்க.”

“பசிக்குமே?”

“அதுதான் இல்ல. பசியத் தூண்டுற இடம் பெரும்பாலும் அந்த வெட்டின பக்கத்துல இருந்தது. கொஞ்ச காலத்துக்குப் பசியே தெரியாது. மணி பாத்துத்தான் சாப்பிடணும்.”

ஜெசிந்தினி சிரித்தாள். சிரித்ததில் தையல் இழுத்தது. “இதச் சொன்னா எங்க அம்மா நம்பமாட்டாங்க.”

“சொல்லலையா அவங்களுக்கு?”

“சொல்லணும்” என்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஜோன்சன் கடிகாரமும் கையுமாக நின்றான். எட்டு மணிக்குச் சூப், ஒன்பதுக்குத் தண்ணீர், பத்துக்குப் புரதப் பால். இருதயம்மா வரத் துடித்தாள். கிருமி தொற்றக்கூடாது, ஒருத்தரும் வரக்கூடாதென்று டாக்டர் சொன்னதாக ஜெசிந்தினி சொல்லிவிட்டாள். இது முழுப் பொய். டாக்டர் சொன்னார் என்றால் இருதயம்மாவுக்கு அதற்கு மேல் பேச்சில்லை. அதற்குப் பதிலாக மடுல்சீமை பஸ் கண்டக்டரிடம் நாட்டுக்கோழியும் முருங்கைக்கீரையும் கொடுத்தனுப்பினாள். கோழியை ஜோன்சனும் டிலானியும் சாப்பிட்டார்கள். ஜெசிந்தினி சாற்றில் நாலு கரண்டி குடித்தாள்.

ஆப்பரேசன் முடிந்து ஐந்தாம் கிழமை ஒருநாள், அடுப்படியில் நின்றவாக்கில் பழைய பழக்கத்தில் ஒரு இடியப்பத்தைச் சொதியில் தோய்த்து அவசரமாக விழுங்கினாள். நெஞ்சுக்குள் கல் வைத்த மாதிரி அடைத்தது. வாயெல்லாம் எச்சில் ஊறி, நுரை நுரையாக வெளியே வரும்வரை குளியலறையில் குனிந்து நின்றாள். அதன் பிறகு சின்னக் கரண்டி, சின்னத் தட்டு, ஒரு வாய்க்கு இருபது மெல்லு என்று பிள்ளை போலக் கற்றுக்கொண்டாள். ஆனால் தராசு இறங்கியது. சீனி வருத்தத்துக்குப் போடும் குளிசையைப் பாதியாகக் குறைத்தார்கள். பள்ளிக்கூடத்தில், “என்ன டீச்சர், ஆளே மாறிப்போயிட்டீங்க” என்றார்கள். படியேறி மேலே போய்த் திரும்பிப் பார்த்தால் மூச்சு வாங்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்று கன்னத்து எலும்பைத் தொட்டுப் பார்த்தபோது அவளுக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

ஆறாம் கிழமை ஞாயிறு, தானே போய் அம்மாவைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று கிளம்பினாள். மெய்யாகவே அந்த எண்ணத்தோடுதான் கிளம்பினாள்.

லயத்து வாசலில் அவளைக் கண்டதும் இருதயம்மா கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். பதினெட்டுக் கிலோ போயிருந்தது. பழைய சட்டை தோளில் தொங்கியது. இருதயம்மா மகளின் முகத்தை இரண்டு கையாலும் தடவினாள். பக்கத்து வீட்டுக் காம்பராவிலிருந்து கருப்பம்மா ஓடிவந்து, பார்த்துவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“எந்தங்கச்சியும் இப்படித்தான் எளச்சா” என்றாள் கருப்பம்மா. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஜெசிந்தினிக்கு அப்போதுதான் உறைத்தது. கருப்பம்மாவின் தங்கைக்கு வயிற்றில் கேன்சர். கொழும்புப் பக்கம் கொண்டுபோய் ஒரு பகுதியை வெட்டினார்கள். ஆறு மாதத்தில் போய்விட்டாள். அந்த லயத்துக்குத் தெரிந்த வயிறு வெட்டுகிற ஆப்பரேசன் அது ஒன்றுதான். நோயில்லாத வயிற்றை ஒருத்தி காசு கொடுத்து வெட்டிக்கொள்வாள் என்று அங்கே யாருக்குக் கற்பனை ஓடும்?

“கவலப்படாத புள்ள. பதிமூணு செவ்வாய் அந்தோனியாருக்கு நேந்திருக்கோம்” என்றாள் இருதயம்மா. “ஒருசந்தி. அஞ்சு செவ்வாய் முடிஞ்சிருச்சு.”

ஒருசந்தி என்றால் பகல் முழுவதும் பட்டினி. காலையில் வெறும் தேத்தண்ணி, பிறகு பொழுது சாய்ந்து செபம் முடிந்தபின்தான் வாயில் ஏதாவது. அந்த வயிற்றோடு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, கூடையை மாட்டிக்கொண்டு மலையேறி, மழையானாலும் வெயிலானாலும் கொழுந்து கிள்ள வேண்டும். இருதயம்மா மட்டுமில்லை. அவளோடு சேர்த்து லயத்தில் எட்டுப் பேர் நேர்ந்திருந்தார்கள். கருப்பம்மாவுக்கு அந்தோனியார் சொந்தச் சாமிகூட இல்லை. “செவ்வாய்க்கிழம எங்க மாரியம்மாளுக்கும் நாளுதான், யாரு கேட்டா என்னா, காது கேட்டாச் சரி” என்றாள் அவள். எட்டுப் பேரில் இளையவள் சுபாஜினி. இடுப்பில் பால்குடி மறவாத பிள்ளை.

“சுபா, நீயுமா? புள்ளைக்குப் பால் குடுக்கிறியே!”

“ஒரு நாளுதானே டீச்சர். ஒங்களுக்கு வந்தது எங்களுக்கு வந்த மாதிரிதான். கொழுந்துதான் கொஞ்சம் கொறையுது. செவ்வாய்க்கு அரைப்பேருதான் போடுறாங்க.”

கிலோ குறைந்தால் முழு நாள் உழைத்தாலும் அரை நாள் சம்பளம், அதுதான் அரைப்பேர். சொல்ல வந்தவள் அவள். வாயைத் திறந்தாள். அதற்குள் கூடிவிட்ட எட்டுப் பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிய. பசிக்காத வயிறு ஒன்று அவர்களுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. “அதெல்லாம் வேணாம்மா. எனக்கு இப்ப நல்லாயிருக்கு” என்றாள்.

“நேந்தத விடலாமா?” என்றாள் இருதயம்மா.

மத்தியானம் கோழிக்கறியும் சோறும் போட்டாள். ஜெசிந்தினி மூன்று கரண்டியில் தட்டைத் தள்ளிவைத்தாள். அதற்கு மேல் போகாது. இருதயம்மா அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஜெசிந்தினி நாற்காலியிலேயே இருந்தாள். எழுந்து போய் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். அவள் எழவில்லை. சாயங்கால பஸ்ஸில் திரும்பி வரும்போது தன்னைத் தானே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

“போனப் போட்டுச் சொல்லிடு. எத்தன நாளைக்கு மறைப்ப?” என்றான் ஜோன்சன்.

“இனி எப்படிச் சொல்றது? மொதல்லயே சொல்லியிருந்தா சிரிச்சிட்டு விட்டிருப்பாங்க. இப்ப அஞ்சு செவ்வாய் பட்டினி கெடந்திருக்காங்க.”

“அப்ப பதிமூணு முடியட்டும்னு பாத்துக்கிட்டு இருக்கப்போறியா?”

உள்ளுக்குள் அதைத்தான் நினைத்திருந்தாள். இன்னும் எட்டு. நேர்ச்சை முடிந்தால் குணமாகிவிட்டது என்று சொல்லிவிடலாம், யாருக்கும் நட்டமில்லை. கணக்கு டீச்சர் அல்லவா, எட்டுப் பேர் எட்டு நாள் என்று பெருக்கிப் பார்க்க அவளுக்குத் தெரியும். பெருக்காமல் இருந்தாள். திங்கட்கிழமை ராத்திரி போன் பேசும்போது, “நாளைக்குச் சாப்பிட்டுட்டுப் போங்கம்மா” என்பாள். இருதயம்மா “ம்” என்பாள். செவ்வாய்க்கிழமை பத்து மணி இடைவேளையில், ஆசிரியர் அறையில் உட்கார்ந்து புரதப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும்போது மட்டும் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போகும். அந்த நேரத்தில் அவர்கள் பாதி மலையில் நிற்பார்கள்.

ஒன்பதாவது செவ்வாயில் அடைமழை. பதினொரு மணிக்குக் கருப்பம்மாவின் போன் வந்தது.

“ஜெசி, பதறாத. அம்மா மயங்கி விழுந்திருச்சு. கூடையோட பள்ளத்துக்குப் போயிருச்சு. கொழுந்து லொறியில ஏத்திப் பதுள ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டாறோம்.”

ஆஸ்பத்திரி வார்டில் இருதயம்மா கட்டிலில் பாதியைக்கூட நிரப்பவில்லை. வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு. நெற்றியில் சிராய்ப்பு. உடம்பில் இரத்தம் மிகக் குறைவு, சாப்பாடே இல்லாமல் எப்படி வேலைக்குப் போனாள் என்று டாக்டர் ஜெசிந்தினியைக் கேட்டார், அவள்தான் பட்டினி போட்ட மாதிரி. கேட்டதில் பிழை இல்லை. பகல் சாப்பாட்டுத் தட்டு வந்தது. சோறு, பருப்பு, ஒரு துண்டு மீன். இருதயம்மா வாயை இறுக மூடிக்கொண்டாள்.

“இன்னைக்கு ஒருசந்தி. பொழுது சாயட்டும்.”

“அம்மா, சாப்பிடுங்க.”

“ஒம்பதாவது புள்ள. இதுல ஒடச்சா மொதல்லருந்து தொடங்கணும்.”

ஈரச் சேலையோடு சுவரில் சாய்ந்து நின்ற கருப்பம்மாவும் காலையிலிருந்து ஒன்றும் தின்னவில்லை. அவள் உதடு வெடித்திருந்தது. ஜெசிந்தினி தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். இனிமேலும் வாய் திறக்காவிட்டால் அவள் மனுசியே இல்லை. அது அவளுக்கே தெரிந்தது.

“அம்மா, என் வயித்துல ஒரு நோயும் இருக்கல்ல.”

“அந்தோனியார் புண்ணியம். அதுக்குத்தானே…”

“இல்லம்மா. ஆப்பரேசனுக்கு முந்தியும் இருக்கல்ல. நல்ல வயித்தத்தான் வெட்டினாங்க. நான்தான் வெட்டச் சொன்னேன். ஒடம்பு கொறையிறதுக்கு. சீனியும் பிரஷரும் கூடிப்போச்சு, தின்னாம இருக்க என்னால முடியல்ல. ஒங்கக்கிட்ட சொல்ல வெக்கமா இருந்திச்சு. கேன்சர்ன்னு நீங்க நெனச்சது ஆறாம் கெழமையே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லல்ல.”

கருப்பம்மா சுவரிலிருந்து நிமிர்ந்தாள். “நல்ல வயித்தயா? காசு குடுத்தா?”

“ஆமா.”

கருப்பம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். திட்டுவாள் என்று ஜெசிந்தினி காத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “எனக்குப் பசிக்குது. நான் போயி ஏதாச்சும் தின்னுட்டு வாறேன் இருதயம்மா” என்று சொல்லிவிட்டு அவள் வார்டை விட்டு வெளியே போனாள்.

இருதயம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அப்படியே கேட்டாள்.

“வெட்டின துண்ட என்னா செஞ்சாங்க?”

ஜெசிந்தினி வேறு எந்தக் கேள்விக்கும் தயாராக இருந்தாள், இதற்குத் தயாரில்லை. “தெரியல்லம்மா. வீசியிருப்பாங்க.”

“வீசிட்டாங்களா?”

“ம்.”

“அத நெறப்பத்தான்டி நான் வாயக் கட்டி வயித்தக் கட்டி மலையேறினேன்” என்றாள் இருதயம்மா. கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்வது போலத்தான் சொன்னாள். கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கமாக வழிந்தது. துடைக்க வேண்டிய வலது கை மாவுக்கட்டில் கிடந்தது. ஜெசிந்தினி துடைக்கப் போனாள். இருதயம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு, “ஊட்டு” என்றாள்.

ஜெசிந்தினி சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். இருதயம்மா மகள் முகத்தைப் பார்க்காமல், ஒரு பருக்கை விடாமல், தட்டு முழுவதையும் சாப்பிட்டாள். மீன் முள்ளைக்கூட உறிஞ்சிவிட்டுத்தான் துப்பினாள். அப்படியொரு பசியை அவ்வளவு அருகில் ஜெசிந்தினி பார்த்ததே இல்லை. தன்னுடைய பசி என்று முப்பத்தெட்டு வருடமாக அவள் நினைத்திருந்ததெல்லாம் வேறு ஏதோ.

“மத்த ஆறு பேரும் இந்நேரம் வெறும் வயித்தோட மலையில நிக்கிறாளுக” என்றாள் இருதயம்மா. “நீயே போயி நேருல சொல்லு. நான் சொல்லமாட்டேன். எனக்கு வெக்கமா இருக்கு.”

அம்மா அடிப்பாள், அழுவாள், சாபமிடுவாள் என்றெல்லாம் இத்தனை கிழமையாக நினைத்துப் பயந்திருந்தாள். தன் வெட்கத்தை அம்மா எடுத்துச் சுமக்க வேண்டி வரும் என்று ஒருமுறையாவது நினைத்தாளா? வார்டிலிருந்து வெளியே வந்தபோது, சுபாஜினிக்கு ஒரு போனைப் போட்டு முடித்துவிடலாமே என்று பாழும் மனம் கேட்கத்தான் செய்தது. அதைக் காதில் வாங்காமல் ஜோன்சனுக்குச் சொல்லிவிட்டு மடுல்சீமை பஸ்ஸில் ஏறினாள்.

மழை விட்டிருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி முக்கால் மணி நேர ஏற்றம். மூன்று மாதத்துக்கு முன் அந்த ஏற்றத்தில் நாலு இடத்தில் உட்கார்ந்திருப்பாள். இப்போது கால் தானாகவே ஏறியது, அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. லயத்துக்கு மேலே பாறையில் குடைந்த அந்தோனியார் கெபியில் மெழுகுதிரி எரிந்தது. பொழுது சாய்கிற நேரம். செபமாலை அப்போதுதான் முடிந்திருந்தது. ஆறு பேரும் மலையிலிருந்து நேரே வந்தவர்கள் போல, இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கைக்கூட அவிழ்க்காமல் நின்றார்கள். அவளைக் கண்டதும் ஒருசேரத் திரும்பினார்கள்.

“அம்மா எப்படி?”

“கை ஒடஞ்சிருக்கு. உசுருக்கு ஒண்ணுமில்ல. சாப்பிட்டாங்க.” மூச்சை இழுத்துக்கொண்டாள். “நான் ஒண்ணு சொல்லணும். எனக்குக் கேன்சர் இல்ல.”

சுபாஜினியின் மாமியார், “என் அய்யா, அந்தோனியாரே!” என்று அலறிக்கொண்டு ஈரத் தரையில் முழங்காலில் விழுந்தாள். ஒருத்தி ஜெசிந்தினியைக் கட்டிப் பிடித்து முத்தம் கொடுத்தாள். “ஒம்பதுலயே கேட்டுட்டாரு, பாத்தீங்களா!” என்றாள் இன்னொருத்தி. யாரோ பாட்டை எடுக்க, மற்றவர்கள் அழுதுகொண்டே சேர்ந்து பாடினார்கள். சுபாஜினி, வரும் வழியில் தூக்கிவந்த பிள்ளையின் கையைப் பிடித்துக் கெபியைப் பார்த்துக் கும்பிட வைத்தாள்.

ஜெசிந்தினிக்குத் திடீரென்று முன்னால் ஒரு கதவு திறந்துகிடந்தது. முழங்காலிட்டு அவர்களோடு சேர்ந்து பாடினால் போதும். அம்மா வாய் திறக்கமாட்டாள். கருப்பம்மாவைக் கையைக் காலைப் பிடித்தாவது சமாளிக்கலாம். அந்தோனியாரின் புதுமை நடந்த டீச்சராகக் கடைசிவரை இந்த லயத்துக்கு வந்துபோகலாம். கால் மடங்கக்கூடச் செய்தது. தன் கால் மடங்குவதைப் பார்த்து அவளே நடுங்கிப் போனாள்.

“பாடாதீங்க” என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. “பாடாதீங்க! முந்தியும் இருக்கல்ல. எனக்கு எப்பவுமே கேன்சர் இருக்கல்ல. தின்னு தின்னுப் பெருத்துப் போயிட்டேன். ஒடம்பக் கொறைக்க நல்ல வயித்த வெட்டிக்கிட்டேன். நீங்க பட்டினி கெடக்கிறீங்கன்னு தெரிஞ்சும் பேசாம இருந்துட்டேன்.”

பாட்டு ஒவ்வொரு வாயாக நின்றது. முழங்காலில் இருந்தவள் எழவில்லை. கட்டிப் பிடித்தவள் கையை எடுத்துக்கொண்டாள்.

“அப்ப நாங்க எதுக்கு டீச்சர் பட்டினி கெடந்தோம்?” என்று கேட்டாள் சுபாஜினி. அவள் சண்டைக்குக் கேட்கவில்லை. வகுப்பில் கணக்கு விளங்காத பிள்ளை கேட்பதைப் போல, மெய்யாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

“நான் வாய் தொறக்காததால” என்றாள் ஜெசிந்தினி.

கெபியின் முன்னால் பழைய பத்திரிகையில் சுற்றிய ஒரு முழுப் பாண் இருந்தது. செவ்வாய்க்கிழமை செபம் முடிந்ததும் அதைப் பிய்த்து, நிற்கிறவர்கள் எல்லோருக்கும், வழியில் போகிறவனைக்கூடக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். அந்தோனியார் பாணை யாருக்கும் இல்லையென்று சொல்கிற வழக்கம் கிடையாது. சுபாஜினியின் மாமியார் மெல்ல எழுந்து, பாணை எடுத்துத் தனக்கு ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு பக்கத்துக் கைக்குக் கொடுத்தாள். அவள் பிய்த்துக்கொண்டு அடுத்தவளுக்குக் கொடுத்தாள். பசித்தவர்கள், நின்றபடியே தின்றார்கள். ஜெசிந்தினிக்கு இந்தப் பக்கம் நின்றவள் தன் துண்டைப் பிய்த்துக்கொண்டு, மிச்சப் பாணை அவளுக்கு முன்னாலேயே கையை நீட்டி அந்தப் பக்கம் நின்ற சுபாஜினியிடம் கொடுத்தாள்.